அண்ணனின் இடுப்பளவு

டெய்லரின் அண்ணன் இறந்து சில மாதங்கள் கழித்து, அண்ணி அவருடைய பேண்ட் ஒன்றைக் கடைக்குக் கொண்டுவந்தாள்.

"நல்ல துணி தம்பி. தூக்கிப் போட மனசு வரல. இடுப்பப் புடிச்சு நீங்களே போட்டுக்கங்க."

டெய்லருக்குச் சிரிப்புதான் வந்தது. குச்சிக் கை, குச்சிக் கால், ஒட்டிய கன்னம். தெருவில் அவருக்கு 'ஊசி' என்றே பெயர். மாரடைப்பில் போன அண்ணனோ தொந்திக்காரர். எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று பார்க்கத் திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தார். பொத்தான் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. விரல் நுழையக்கூட இடமில்லை. யாரோ இப்போதுதான் கழற்றிக் கொடுத்ததுபோல் இடுப்புப் பட்டி வெதுவெதுப்பாக இருந்தது.

திரையை விலக்கினார். அண்ணி சுவரோரம் நகர்ந்தாள்.

"கழட்டிடுங்க தம்பி. அவரே வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

அன்று சாயங்காலம் தன் பேண்ட்களையெல்லாம் உள்புறம் திருப்பிப் பார்த்தார். பின்தையலில் கொஞ்சம் துணி மிச்சம் வைத்துத் தைப்பது தொழில் வழக்கம். தனக்கு இறுகும்போதெல்லாம், யாரிடமோ வம்பளந்தபடியே, அதைப் பிரித்துத் தளர்த்திப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஊர்க்காரர்கள் இடுப்பையெல்லாம் கிண்டலடித்தவர் தன் இடுப்பில் டேப்பை வைத்ததே இல்லை. பழைய ஊசித் துளைகள் வரிவரியாக நகர்ந்திருந்தன. எந்தப் பேண்ட்டிலும் இனிப் பிரிக்கத் துணியில்லை. உள்ளே எதுவோ வளர, தானே இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம் என்று நினைத்தவர் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா அவர் வயிற்றை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்.

"கைக்கு அகப்படுற கொழுப்பு இவ்வளவுதான். மிச்சம் உள்ள இருக்கு, ஈரல், குடலச் சுத்தி. ஆள் ஒல்லியா இருந்தாலும் இருக்கும். அதுதான் ஆபத்து."

"எங்கண்ணனுக்கும் இதுதானா டாக்டர்?"

"அவர நான் பாக்கலையே. உங்களோடத குறைக்கலாம். வேகமா நடங்க, இனிப்பக் குறைங்க, நேரத்துக்குத் தூங்குங்க. வயித்துக்குன்னு தனியா வைத்தியம் கிடையாது."

விடியலில் நடந்தார். மெஷினை விட்டு அடிக்கடி எழுந்தார். சர்க்கரையில்லாத டீயை அவர் முகம் சுளித்துக் குடிப்பதைப் பார்த்து மனைவி சொன்னாள்: "சக்கரையத்தான விடச் சொன்னாங்க, சிரிப்பையுமா?"

அவ்வப்போது அண்ணனின் பேண்ட்டைப் போட்டுப் பார்ப்பார். முதலில் ஒரு விரல் நுழைந்தது. பிறகு கை நுழைந்தது. சந்தோஷப்பட வேண்டியவர் பயந்தார். துணிக்கும் தனக்கும் நடுவில் இன்னொருவர் மூச்சு விடுவதுபோல் இருந்தது. இது தெரிந்திருந்தால் அண்ணனும் இன்று இருந்திருப்பாரே என்று திரைக்குப் பின்னால் நின்று அழுதார்.

ஒருநாள் அண்ணன் மகன் புது வேலைக்குப் பேண்ட் தைக்க வந்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. டெய்லர் அவன் இடுப்பில் டேப்பைச் சுற்றினார். அவிழ்த்து மறுபடியும் சுற்றினார். அண்ணனுக்குத் தைத்துத் தைத்துக் கைக்குப் பழகிய அதே அளவு.

"காலையில என்கூட நடக்க வர்றியாடா?"

"நானா? எனக்கெதுக்கு சித்தப்பா? வெறும் எலும்புதான."

அவன் தோள் குலுங்கச் சிரித்தான். டேப்புக்குள் வயிறு கொஞ்சமும் அசையவில்லை. டெய்லர் பிடியை விடவில்லை.