செபமாலை ஏறக்கூடிய படகு

வாத்துச் சுடப் போகிறவனுக்கு நல்ல துவக்கைவிட நல்ல படகுதான் முக்கியம் என்பது அருமைநாதனின் கட்சி. படகு சிறியதாக இருக்க வேண்டும். அடி தட்டையாக இருந்து, முழங்கால் அளவு தண்ணீரிலும் ஓட வேண்டும். நாணலுக்குள் புகுந்து நின்றால், மேலே பறக்கிற வாத்துக்கு அது ஒரு சேற்றுத் திட்டாகத் தெரிய வேண்டும். இவ்வளவுக்கும் பொருந்திய படகுகள் மொன்ட்ரியாலைச் சுற்றிப் பல விற்பனைக்கு நின்றன. ஆனாலும் அருமைநாதன் கோடை முழுவதும் தேடிக்கொண்டே இருந்தார். அவருக்கு வேண்டியது செபமாலை ஏறக்கூடிய படகு.

செபமாலை மன்னார்க்காரர். டோர்வல் விமான நிலையத்தில் அருமைநாதன் பெட்டி ஏற்ற, அந்தப் பெட்டி வண்டியை ஓட்டுகிறவர். சண்டைக் காலத்தில் வலது காலை இழந்து பொய்க்கால் போட்டவர். இலையுதிர்காலம் வந்தால் இருவரும் சொறெல் பக்கத்துத் தீவுகளுக்கு வாத்துச் சுடப் போவார்கள். செபமாலை வாத்துப் போலக் கத்துகிற ஊதுகுழலை வாயில் வைத்தால் கடந்து போன வாத்தும் திரும்பி வரும். அருமைநாதன் ஊதினால் தடிமன் பிடித்த ஆள் மூக்குச் சீறுவது போலிருக்கும்.

போன வருடம் இரவல் வாங்கிய ஒடுங்கிய படகில் அருமைநாதன் ஏறி நிற்க, பின்னால் செபமாலை காலை வைத்தார். படகு புரண்டது. இருவரும் விறைக்கிற தண்ணீருக்குள் விழுந்தார்கள்.

"எனக்கு இனி வாத்தும் வேண்டாம், வள்ளமும் வேண்டாம் மச்சான். நீ வேற ஆளைக் கூட்டிக்கொண்டு போ," என்றார் செபமாலை, கரையில் நின்று உடுப்பைப் பிழிந்தபடி. அதன்பிறகு வேலையிடத்தில் சாப்பாட்டு நேரத்திலும் அவர் வேறு மேசைக்குப் போய்விட்டார். சண்டை ஒன்றும் இல்லை. ஆனால் பழைய கதையும் சிரிப்பும் இல்லாமல் போயின.

அருமைநாதன் வேறு ஆளைத் தேடவில்லை. படகைத் தேடினார். அதற்கு அவர் கண்ட வழி விசித்திரமானது. முழங்காலுக்குப் பின்னால் ஒரு பலகைத் துண்டை வைத்து, பயணப் பெட்டி கட்டுகிற பட்டியால் வலது காலை மடங்காதபடி இறுக்கிக் கட்டிக்கொண்டு, விற்பனைக்கு நின்ற படகுகளில் ஏறி இறங்கிப் பார்த்தார். சென்ட் லோரன்ட்டில் ஓர் அலுமினியப் படகில் அந்தக் கால் ஆசனத்தின் கீழே சிக்கி, அவர் மல்லாந்து கிடந்தார். விற்க வந்தவர் அம்புலன்ஸைக் கூப்பிடப் போனார். இன்னொரு படகில் ஏற முடிந்தது, இறங்க முடியவில்லை. ஒவ்வொன்றிலும் குறை இருந்தது.

ஆகஸ்ட் முடிவில், மொன்ட்ரியால்-நோரில் ஆற்றோரமாக வசித்த ஒரு கியூபெக் மாதுவிடம் போனார். கணவர் இறந்த பின் அவருடைய வாத்துப் படகு சும்மா கிடந்தது. மங்கிய பழுப்பு நிறம், அகன்ற அடி, பதிந்த விளிம்பு. அருமைநாதன் காலைக் கட்டுவதை அந்த மாது படியில் இருந்தபடி பார்த்தார்.

"பொன்ஜூர்," என்றவர், "இது எதற்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னோடு வருகிற நண்பருக்கு ஒரு கால் இல்லை, மதாம். அவர் ஏறுவாரா என்று பார்க்கிறேன்."

"ஓ. முழங்காலுக்கு மேலேயா, கீழேயா?"

அது அருமைநாதனுக்குத் தெரியாது. பட்டியை அவிழ்த்தார்.

"பரவாயில்லை. கேட்டுக்கொண்டு வாருங்கள். அதுவரை இதை வேறு யாருக்கும் காட்டமாட்டேன்," என்றார் மாது. அது அவர் செய்ய வேண்டிய உதவியல்ல. செய்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியைக் கேட்டார். "யோசெப்பின், செபமாலைக்குக் கால் எதிலயிருந்து இல்லை?"

"எனக்கெப்பிடித் தெரியும்? நீங்கள்தானே அந்தாளோட துவக்குத் தூக்கிக்கொண்டு திரியிறியள்."

"அதையெல்லாம் போய்க் கேக்கிறதோ?"

"கேட்டால் மரியாதை இல்லை. காலைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் விழுந்தெழும்பிறது மரியாதையாக்கும்!"

நம்மவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. யார் எங்கே எதை இழந்தார் என்று கேட்கமாட்டோம். அன்பினால்தான் கேட்பதில்லை. கேட்கப்படாமலே இருக்கிறவர் அந்த இழப்போடு தனியே இருக்கிறார் என்பது மட்டும் நம் நினைவுக்கு வருவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, கோயிலின் நிலக்கீழ் மண்டபத்தில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்த செபமாலைக்குப் பக்கத்தில் அருமைநாதன் போய் நின்றார்.

"மச்சான், ஒண்டு கேக்கட்டே? கோவிக்கக் கூடாது."

"பிரசங்கத்தில நீ நித்திரை கொண்டதை நான் ஃபாதரிட்டச் சொல்லமாட்டன். பயப்பிடாத."

"இல்லையடா. உன்ர கால்... எதிலயிருந்து?"

செபமாலை கோப்பையை மேசையில் வைத்தார். "முழங்காலுக்குக் கீழ. ஏன்?"

பலகை, பட்டி, அம்புலன்ஸ் எல்லாவற்றையும் அருமைநாதன் சொன்னார். செபமாலைக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார்கள்.

"விசரா! எனக்கு முழங்கால் நல்லா மடங்கும். கிழமைக்குக் கிழமை பூசையில உன்ர கண்ணுக்கு முன்னாலதானே முழந்தாளில நிக்கிறன். காணேல்லையோ?"

"நான் பாக்கிறேல்லை. உன்ர காலைப் பாக்கக் கூடாதெண்டு..."

செபமாலையின் சிரிப்பு நின்றது. மேசைக்கு வெளியே பொய்க்காலை நீட்டினார்.

"எனக்குத் திரும்பாதது கணுக்கால். பாதம் எங்க வைபடுது எண்டு எனக்குத் தெரியாது, கண்ணாலதான் பாக்க வேணும். அண்டைக்கு விடியப்புறம் இருட்டு, தெரியேல்லை. நீ வள்ளத்துக்குள்ள நிண்டு சொல்லியிருக்கலாம். கையைத் தந்திருக்கலாம். நீ வானத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனி."

"நீ ஏறக் கஷ்டப்படுறதைப் பாத்தால் உனக்கு வெக்கமா இருக்கும் எண்டு நினைச்சன்."

"தண்ணிக்குள்ள விழுந்தது பெரிய மானம்தானே!"

அருமைநாதன் தலைகுனிந்தார். செபமாலை மிச்சத் தேநீரைக் குடித்து முடித்து, "சரி, அந்த மனுசி வீடு எங்க?" என்றார்.

அன்று பின்னேரம் இருவரும் ஆற்றங்கரைக்குப் போனார்கள். மாது வாசலில் நின்று கையசைத்தார். படகு இறங்குதுறையோடு தண்ணீரில் கட்டியிருந்தது. அருமைநாதன் முதலில் ஏறி, திரும்பி நின்று கையை நீட்டினார். செபமாலை அதை இறுக்கிப் பிடித்தார். சப்பாத்துப் போட்ட அந்தப் பாதம் விளிம்பைத் தாண்டி வருவதை அருமைநாதன் இமைக்காமல் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் உள்ளுக்கு. இன்னும். இப்ப பலகையில நிக்குது. பாரத்தைப் போடு."

செபமாலை பாரத்தைப் போட்டார். படகு ஒருமுறை ஆடிச் சமநிலைக்கு வந்தது. அவர் மெல்ல உட்கார்ந்து, காலை நீட்டி, ஆற்றின் இரு பக்கமும் பார்த்தார்.

"இருக்கை பதிஞ்சு கிடக்கு. முதுகு நோகும்," என்றார்.

"மெத்தை ஒண்டு போடுவம்."

"துடுப்பும் கட்டை."

"வேறை வாங்குவம்."

"எடுக்கிறீர்களா, மெசியூ?" என்று மாது கரையிலிருந்து கேட்டார். அருமைநாதன் செபமாலையைப் பார்த்தார்.

"என்னடா முழிக்கிறாய்? எடுக்கிறம் எண்டு சொல்லு," என்றார் செபமாலை.