பத்தாயிரத்து ஏழு பேர்

டிரில் மாஸ்டர் வீட்டில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தார். ஆலையில் மொத்தம் பத்தாயிரத்து ஏழு தொழிலாளர்கள். நாளைக் காலை தலைவர் பார்வையிட வரும்போது அத்தனை பேரும் சமமான வரிசைகளில் நிற்க வேண்டும், ஒருவர்கூட மிஞ்சக் கூடாது என்பது உத்தரவு. போன வருடம் மிஞ்சி நின்ற மூன்று பேரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் வீட்டுக் கதவுகளில் பூட்டு இன்னும் தொங்குகிறது.

ஏழால் வகுத்தார், மிச்சம் நான்கு. பதின்மூன்றால் வகுத்தார், மிச்சம் பத்து.

"நீங்க தலைகீழா நின்னாலும் போகாது," என்றாள் மனைவி. பள்ளியில் கணக்கு டீச்சர். "நூறு வரைக்கும் பாத்துட்டேன். அதுக்கு மேல பாக்கவே வேண்டாம். இது பகா எண்ணுங்க. இன்னும் ஒரே ஒரு ஆள் இருந்தா எழுபத்திரண்டு வரிசை கட்டலாம். ஆளுக்கு எங்க போறது?"

ஒற்றை வரிசையாக நிறுத்தலாம்தான். கடைசி ஆளைப் பார்த்து முடிப்பதற்குள் தலைவருக்குத் தலை நரைத்துவிடும். வேறு நாளாக இருந்தால் இதைச் சொல்லி இருவரும் சிரித்திருப்பார்கள்.

அதிகாரியின் அறையில் போய் நின்றார். எப்படியோ சொல்லி முடித்தார்.

"எண் மேல பழி போடறியா?" அதிகாரி டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "ஏழு பேரைக் கழிச்சுடு. நூறுக்கு நூறு, கச்சிதமா இருக்கும். எந்த ஏழு பேருன்னு நீயே கை காட்டு."

கழித்தவர்கள் எங்கே போவார்கள் என்று கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. யாரைக் காட்டுவது? ஓயாமல் இருமும் வெல்டரையா, நிறைமாதத்தில் இருக்கும் துணிமடிப்புக்காரியையா?

"ஐயா, நான் அந்தக் கணக்குல இல்ல. நானும் நிக்கறேன். பத்தாயிரத்து எட்டு ஆயிடும், வகுபடும்."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஆனா ஒரு இடம் காலியா இருந்தாலும் ஜீப்புல முதல்ல ஏறப் போறது நீதான்."

காலையில் மாஸ்டர் கடைசி வரிசையின் ஓரத்தில் நின்றார். பக்கத்து இடம் காலி. "வெல்டர் ஓடிட்டான் மாஸ்டர்," என்று முன்னால் நின்றவன் திரும்பாமலே முணுமுணுத்தான்.

மறுபடியும் பத்தாயிரத்து ஏழு. அதிகாரி முதல் வரிசையிலிருந்து தலைகளை எண்ணத் தொடங்கியிருந்தார். மாஸ்டருக்கு ஓடலாமா என்றுகூடத் தோன்றியது, ஆனால் கால் எங்கே நகர்ந்தது!

வேலியோரம் பள்ளிப் பிள்ளைகளோடு கொடி பிடித்து நின்ற அவர் மனைவி, கொடியைக் கீழே வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்து வந்து அந்தக் காலி இடத்தில் நின்றாள்.

"உனக்கென்ன பைத்தியமா? யாராவது பாக்கறதுக்குள்ள போயிடு!"

"நேராப் பாருங்க. நான் போனா வகுபடாது."

பூட்ஸ் சத்தம் அடுத்த வரிசைக்கு வந்துவிட்டது. தனக்காகப் பயந்தது போதாதென்று இப்போது அவளுக்காகவும் பயந்துகொண்டு, அவர் நேராகப் பார்த்தார்.