கெங்கம்மாள் பேரும் டால்டா டின்னும்

திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு எதிரே பஜ்ஜி போட்டு விற்கிற கெங்கம்மாளுக்கு அப்படியொரு பேர் இருப்பதே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. ரயிலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு அவள் பஜ்ஜிக்காரம்மா. தெருவில் பச்சையப்பன் பொஞ்சாதி. அந்தப் பச்சையப்பனோ கல்யாணமான நாளிலிருந்து "இந்தாம்மே" என்பதற்கு மேல் அவளைக் கூப்பிட்டதில்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பேர் ரேஷன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அதனால்தான் அறுபத்தெட்டாம் வருஷம் அவள் சிலோன் ரேடியோவுக்கு ஒரு தபால் கார்டு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாட்டுக்கு முன்னால், விரும்பிக் கேட்டவர்களின் பேரை வாசிப்பார்கள். அதில் தன் பேர் ஒரே ஒரு தரம் வந்துவிட வேண்டும், பாட்டு எந்தக் கண்றாவியாக இருந்தாலும் சரி. பக்கத்து வீட்டு ரத்னாதான் எழுதிக் கொடுத்தாள். ஐந்தாவது வாரம் அறிவிப்பாளர் "திருவள்ளூரிலிருந்து" என்று ஆரம்பித்தார். கெங்கம்மாள் வீட்டில் கூடியிருந்த பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த நொடி ரேடியோ "ஊய்ங்ங்" என்று ஊளையிட்டது. ஊளை ஓய்ந்தபோது பாட்டில் முதல் சரணம் ஓடிக்கொண்டிருந்தது.

ஊளைக்குக் காரணம் வேறு யாருமில்லை, அதே ரத்னாவின் புருஷன் இராமலிங்கம். ரயில்வேயில் சிக்னல் மெக்கானிக். அரசாங்கத்தில் லைசென்ஸ் வாங்கி, மாடியில் இரண்டு கம்பம் நட்டு, நடுவே கம்பி கட்டி, முன்பின் பார்த்திராத ஆட்களோடு வயர்லெஸ்ஸில் பேசுகிற பைத்தியம் அவனுக்கு. நல்ல மனுஷன்தான். ஆனால் பேசுவதற்கு முன்னால் மிஷினைத் திருகித் திருகிச் சரிபார்க்க வேண்டும். அதற்கு அவனுக்கு அந்த நிமிஷம்தானா கிடைத்தது?

"யாரு பேரோ வந்துச்சு. உம் பேருதான்னு இன்னா நிச்சயம்?" என்று எதிர்வீட்டு மணியம்மாள் சிரித்தாள். கெங்கம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்க வந்த இராமலிங்கத்திடம், "உன் கம்பத்த அறுத்து என் அடுப்புல வெக்கிறனா இல்லியா பாரு" என்று சொன்னவள், அதோடு அவன் முகத்தைப் பார்ப்பதையே விட்டாள். ரத்னாவோடு சண்டையில்லை. சண்டை போட்டால் இரண்டாவது கார்டை யார் எழுதுவது?

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம் கெங்கம்மாள் மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து சடசடவென்று ஒரு சத்தம். அவள் கை நின்றது. எண்ணெயில் தண்ணீர் இருக்கிறது. இருபது வருஷம் வாணலியோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கோபம், ரோஷம் எல்லாவற்றையும் மறந்து மாவுக் கையோடு எழுந்து ஓடினாள்.

போனால் அங்கே அடுப்பும் இல்லை, வாணலியும் இல்லை. மேஜைமேல் ஒரு டால்டா டின். மூடியை ஈயத்தால் பற்றவைத்து அடைத்திருந்தான் அந்த மகராஜன் இராமலிங்கம். ஓரத்தில் விட்டுப்போன சந்து வழியாகக் கடலை எண்ணெய் பீறிட்டுச் சுவரெல்லாம் வழிந்திருந்தது. ரத்னா துணியோடு நின்று திட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாய்யா இது கூத்து?" என்றாள் கெங்கம்மாள்.

"இதுக்குப் பேரு டம்மி லோடுக்கா" என்றான் இராமலிங்கம், சட்டையில் எண்ணெயைத் துடைத்தபடி. "மேல இருக்கிற கம்பிக்குப் பதிலா இத்த மாட்டிக்கினு மிஷின சரி பாக்கலாம். பவர் பூரா இதுக்குள்ளயே சூடாப் பூடும். வெளிய போவாது. உங்க ரேடியோ கத்தாது."

மூர் மார்க்கெட்டில் தேடி வாங்கிய மின்சாரத்தைச் சூடாக்கி விழுங்குகிற இருபது கார்பன் ரெசிஸ்டர்களை இரண்டு பித்தளைத் தட்டுக்கு நடுவே வரிசையாகச் சேர்த்து அவன் அதைச் செய்திருந்தான். முதலில் எண்ணெய் இல்லாமல் போட்டுப் பார்த்ததில் அரை நிமிஷத்தில் புகைந்துவிட்டது. மறுபடி இருபது வாங்கி வந்து எண்ணெயில் முக்கினான். அது இப்போது சுவரில் இருந்தது.

தனக்காகவா இவ்வளவும் என்று கெங்கம்மாளுக்குக் கொஞ்சம் இளகியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் மூடி ஓரத்துச் சந்து வழியாக டின்னுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"டின்ன கழுவிட்டு ஈரத்தோட ஊத்திக்கீற. கழுத்து வரிக்கும் ஊத்திக்கீற. எண்ணெ சூடானா பெருக்கும்னு கூடவா தெரியாது? மூடிய வேற அடச்சா அது எங்கய்யா போவும்?"

அன்றிலிருந்து பொறுப்பு அவள் கைக்குப் போயிற்று. புது எண்ணெயைத் தன் வாணலியிலேயே காய்ச்சி, சடசடப்பு அடங்கும் வரை ஈரம் போக்கி, ஆறவைத்தாள். டின்னை வெயிலில் காயவைத்து, மேலே நாலு விரற்கடை விட்டு ஊற்றினாள். மூடியில் ஆணியால் நாலைந்து ஓட்டை போடச் சொன்னாள். தன் வீட்டுத் தண்ணீர்ப் பானை உட்கார்ந்திருந்த மணல் தொட்டியைத் தூக்கி வந்து, ஈர மணலுக்குள் டின்னைப் பாதி புதைத்து வைத்தாள். சூட்டை மணல் இழுத்துக்கொள்ளும் என்றாள். இராமலிங்கம் மிஷினைப் போட்டான். இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம், நாலு நிமிஷம். ரெசிஸ்டர்கள் புகையவில்லை.

"கரண்டு பாக்க, பவர் பாக்க, எல்லாத்துக்கும் மீட்டர் கீது. எண்ணெ சூட்டுக்குத்தான் இல்ல" என்றான் அவன்.

"அதுக்கு எதுக்குய்யா மீட்டரு? ஒரு சொட்டு மாவு உட்டா தெரிஞ்சிட்டுப் போவுது."

"மாவுலயும் தண்ணி இருக்குதேக்கா!"

கெங்கம்மாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு உள்ளங்கையை ஓட்டைகளுக்கு மேலே காட்டினாள். "என் கை சுரீர்னா நிறுத்து. அது போதும்."

மிச்சமிருந்தது ஒரே ஒரு கேள்வி. ஊளை நின்றதா இல்லையா? அதைச் சிலோன் ஸ்டேஷனில்தான் பார்க்க முடியும், அவன் மிஷின் கெடுக்கிற ஸ்டேஷன் அதுதான். அவனுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். பேர் வாசிக்கிற மத்தியானமும் அதேதான். அந்த ஞாயிற்றுக்கிழமை, பாட்டு ஓடும்போதே மிஷினைப் போட்டுப் பார்க்கலாமா என்று இராமலிங்கம் தயங்கித் தயங்கிக் கேட்டான். இரண்டாவது கார்டு போய் நாலு வாரமாகியிருந்தது. இன்றைக்கே பேர் வந்து, இன்றைக்கும் ஊளையிட்டால் மூன்றாவது கார்டு எழுதுகிற தெம்பு தனக்கு இருக்காது என்று கெங்கம்மாளுக்குத் தெரியும். ஆனால் அது அவள் காய்ச்சிய எண்ணெய். அவனை நம்பாவிட்டாலும் அதை நம்பினாள்.

"போடு" என்றாள்.

ரத்னாவும் மணியம்மாளும் கெங்கம்மாள் வீட்டில் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் தன் வீட்டில் இராமலிங்கம் முழு பவரில் மிஷினைப் போட்டான். கெங்கம்மாள் டின்னுக்கு மேலே கையைக் காட்டியபடி நின்றாள். ஒரு பாட்டு முடிந்தது. ஊளையில்லை. இன்னொரு பாட்டும் முடிந்தது. உள்ளங்கையில் சூடு ஏற ஆரம்பித்தது. வெளியில் பார்த்தால் அந்த டின் ஒன்றுமே செய்யாத மாதிரி மணலில் உட்கார்ந்திருந்தது.

அப்போது சுவரைத் தாண்டி அந்தக் குரல் வந்தது. "திருவள்ளூர், தேரடியிலிருந்து கெங்கம்மாள்..."

ஒரு சின்னக் கீச்சுக்கூட இல்லை. அவள் பேர் மணிமணியாக, கடைசி 'ள்' வரை முழுசாக வந்து விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ரத்னா கூச்சல் போட்டாள். மணியம்மாள் கூடக் கைதட்டினாள். கெங்கம்மாளுக்கு நெஞ்சு நிறைந்து, கண் பொங்கி, கை டின் மேலேயே நின்றுவிட்டது.

"யக்கா, கை சுடல?" என்றான் இராமலிங்கம்.

"ஐயோ, நிறுத்துய்யா!" என்று கையை உதறினாள். மிஷின் நின்றது. கையை ஊதிக்கொண்டே மிஷினைப் பார்த்தாள்.

"இன்னொரு தபா சொல்லச் சொல்லேன் அந்த ஆள. இம்மாம் பெரிய மிஷின் வெச்சிக்கினுகீற."

"இப்ப இதுல பேசினா ஒரு வார்த்தை வெளிய போவாதுக்கா. அதுக்குத்தான நீங்க எண்ணெ காச்சுனது?"

அதுவும் நியாயம்தான். ஆனாலும் அவ்வளவு ஆசைப்பட்ட பேர் ஒரு வாய் வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட நிற்காமல் போனதில் அவளுக்குக் குறைதான்.

மறுநாள் காலை மெட்ராஸ் வண்டி போன பிறகு போர்ட்டர் துளசிராமன் கடைக்கு வந்தான். தினமும் "பஜ்ஜிக்காரம்மா, ரெண்டு" என்று கையை நீட்டுகிறவன், அன்றைக்கு எண்ணெய் கொதிக்கிற சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "இன்னா கெங்கம்மா, சிலோன் வரிக்கும் போய்ட்ட போலக்கீதே!" என்றான்.

கெங்கம்மாளுக்கு நன்றாகவே கேட்டது. இருந்தும் கரண்டியை நிறுத்திவிட்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "இன்னா சொன்ன?" என்றாள்.

அவன் முதலிலிருந்து சொன்னான். அன்றைக்கு அவனுக்கு மூன்று பஜ்ஜி.