எனக்குக் களைப்பாம்

முதல் நாள் காலை பத்து மணிக்குள் எனக்கு நாலு தரம் களைத்துவிட்டது. எனக்கே தெரியாது, என் மனுசன் அரியரத்தினம் சொல்லித்தான் தெரியும்.

"நில் கிளி, களைச்சுப் போனாய்," என்பார். பொத்தென்று ஒரு கல்லில் குந்துவார். போத்தலைத் திறந்து அரைவாசித் தண்ணீரையும் தானே குடிப்பார். முன்னால் போகிற ஆறு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் என்னைக் கைகாட்டி மெதுவாகப் பிரெஞ்சில் ஏதோ சொல்வார். உடனே எல்லோரும் என்னை ஐயோ பாவம் என்று பார்ப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாலு நாள் நடை. வழிகாட்டியோடு ஒரு மலையைக் கடந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, ஆற்றோரமாகப் போய், மற்றப் பக்கம் ஏறி முடிக்க வேண்டும். மொன்றியலிலிருந்து ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தோம். நான் பெயர் கொடுத்தது எனக்கு மட்டும். ஆறு மாதமாகப் பியர்பொன்ட்ஸில் எங்கள் தெருக்களில், பனியிலும் சேற்றிலும், முதுகுப் பைக்குள் பத்துக் கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு நடந்து பழகினேன். கண்ட சனம் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும். "உனக்குத் தனியப் போக ஏலாது" என்று கடைசிக் கிழமையில் தன் பெயரையும் சேர்த்தவர் இவர். இவர் நடந்து பழகியது ஒரே ஒரு நாள். அதுவும் புவாண்ட்-கிளேர் மோலுக்குள், சப்பாத்து வாங்கப் போன அன்று.

எனக்கு ஏலாது என்ற கதை இன்று நேற்றுத் தொடங்கியதில்லை. கார் ஓட ஏலாது, கிளிக்குப் பயம். பிரெஞ்சு வகுப்புக்குப் போக ஏலாது, கிளிக்குக் கூச்சம். டொக்டரிடம் போனால் என் வயிற்றுவலியைக்கூட அவர்தான் சொல்வார். எங்கே வலிக்கிறது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். இருபத்திரண்டு வருஷம். நானும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேனே, அதை நினைத்தால் இன்னும் ஆத்திரம்.

இரண்டாம் நாள் காலை முழுக்க இறக்கம். அவருடைய முழங்கால் அங்கேதான் பிடித்துக்கொண்டது. நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினார். பாவம் என்று கை கொடுத்தேன். "கவனம், விழுந்திடாதை, நான் பிடிக்கிறன்," என்றார். என் தோளில் முழுப் பாரத்தையும் போட்டுக்கொண்டுதான் சொன்னார்!

மத்தியானம் பள்ளத்தாக்கின் அடிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே ஒரு மண்ரோடு. சாமான் கொண்டுவரும் வான் நின்றது. வழிகாட்டி மாரி-ஈவ் எல்லோரையும் கூப்பிட்டாள். இதற்குப் பிறகு ரோடு இல்லை, இரண்டு நாளைக்கு எந்த வாகனமும் வராது, ஏலாதவர்கள் இப்போதே வானில் திரும்பலாம் என்றாள்.

அரியரத்தினம் என் தோளில் கையைப் போட்டார். "எல் எ ஃபத்திகே," என்றார். இவளுக்குக் களைப்பாம். முழங்கால் வலியாம். என்னுடைய முழங்கால்! ஆகவே நாங்கள் இரண்டு பேரும் திரும்புகிறோமாம். சொல்லி முடிக்க முதல் வான்காரன் என் பையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டான்.

நான் இரண்டு வருஷமாக ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தீத்துகிற வேலை செய்கிறேன். அங்கே ஊமைச்சி மாதிரி நிற்கிறேன் என்று இவர் நினைத்தாரோ தெரியாது. மூன்று வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்கக் கதைத்து எனக்கும் மூன்று வயதுப் பிரெஞ்சு வந்திருந்தது. விழுந்து அடிபட்டால் அதுகள் 'போபோ' என்று காட்டி அழும்.

"நொன்!" என்று கத்தினேன். வானுக்குள் ஏறி என் பையை இழுத்தெடுத்தேன். "மூவா, போபோ நொன்! லுயி, போபோ!" எனக்கு நோவில்லை, இவருக்குத்தான் நோவு என்று அவருடைய முழங்காலைக் காட்டினேன். பையோடேயே நாலு தரம் குந்தி எழும்பினேன். யாரோ சிரித்தார்கள். மாரி-ஈவ் சிரிக்கவில்லை.

அரியரத்தினம் அவளிடம் குனிந்து, இவள் என்ன சொல்கிறாள் என்று இவளுக்கே தெரியாது என்றார். அதுவும் எனக்கு விளங்கியது.

"எனக்கு எல்லாம் விளங்குது!" என்றேன் தமிழில். "உங்கட நோவை ஏன் என்ர தலையில கட்டுறீங்கள்?"

"மெல்லக் கதை. ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்!"

அவர் தலை குனிந்தார். "எனக்கு ஏலாது கிளி. காலமையிலயிருந்து உயிர் போகுது. பொம்பிளைக்குக் களைச்சிட்டுது எண்டு சொன்னா ஒரு வெக்கமில்லை எண்டு…"

"அப்ப எனக்கு வெக்கம் இல்லையோ?"

மாரி-ஈவ் அவரைத் தாண்டி வந்து என் முகத்துக்கு நேரே நின்றாள். நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று ஆறுதலாக, சொல் சொல்லாகக் கேட்டாள். என்னிடம் கேட்டாள்!

"மூவா, மார்ஷ்," என்றேன். நான் நடக்கிறேன்.

அவர் கதவைப் பிடித்துப் பிடித்து வானில் ஏறினார். நான் பையின் வார்களை இறுக்கினேன். அவர் யன்னலைத் திறந்தார்.

"சரி, போட்டு வா. பேந்து வீட்ட கதைப்பம்."

"ஓம்," என்றேன். "நான் கதைப்பன். நீங்கள் கேப்பீங்கள்."