பதினேழாம் படுக்கைக்கு ஒரு புத்தகம்

எங்கள் ஆஸ்பத்திரியில் மாணவன் புத்தகம் வாங்கிய பிறகுதான் நோயாளிக்கு நோய் வரும். அதுவரை வெறும் அசதியோடு படுத்திருப்பார்கள். படுக்கை எண் எதுவோ, புத்தகத்தில் அந்த அத்தியாயம்தான் அவர்களுக்கு. வார்டு போஸ்டிங்கில் எனக்கு விழுந்தது பதினேழாம் படுக்கை. அதில் மாசிலாமணி என்கிற இஸ்திரி வண்டிக்காரர் ஒன்பது நாளாக என் முடிவுக்காகக் காத்திருந்தார்.

நான் பத்து வருஷம் பழைய இரும்பு எடைபோட்டுவிட்டு மருத்துவம் படிக்க வந்தவன். இரண்டு தடவை ஃபெயில். கூடப் படிக்கிறவர்கள் சீனியர்களைக் கேட்டுப் புத்தகம் வாங்குவார்கள். நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டு வாங்கியதெல்லாம் எனக்குத் துருப்பிடித்துத்தான் வந்திருக்கிறது.

திங்கட்கிழமை மாசிலாமணியையும் அழைத்துக்கொண்டு ஹபீப் பாயின் புத்தகக் கடைக்குப் போனேன். அவர் டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். கடைக்குள் ஏற்கெனவே மூன்று நோயாளிகள் முன்னுரை படித்துக்கொண்டிருந்தார்கள்.

பாய் முதலில் கைக்கு அடக்கமான ஒன்றைக் காட்டினார். பதினேழு: குடல்புழு.

"இதையே வாங்கிடுங்க டாக்டரு," என்றார் மாசிலாமணி. "ஒரு மாத்திரையில போயிடும். வண்டியில என் வீட்டுக்காரி ஒத்தையா நிக்கிறா."

"புழுவக் காட்டினா எங்க புரொபசர் என்னையும் புழுவாத்தான் பாப்பாரு. மூணாவது வாட்டியும் ஊத்திக்கும்."

பாய் தடித்ததை எடுத்துப் போட்டார். மேஜை அசைந்தது. தூக்கிப் பார்த்தேன், நாலு கிலோவுக்குக் குறையாது. பதினேழு: இதய வால்வு, அதிலும் இரண்டு வால்வு பழுது. கடைசிப் பத்தியில், குடும்பத்தாரிடம் பக்குவமாகச் சொல்லவும் என்று போட்டிருந்தது. மாசிலாமணி அதை இரண்டு முறை படித்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ரெண்டு வால்வு எதுக்கு பாய்? ஒண்ணக் கொறைங்க."

"கம்பெனி போட்டது தம்பி. நான் என்ன பண்ண?"

"கம்பெனியா வந்து படுத்திருக்கு? இந்த ஆளு படுத்திருக்காரு."

புத்தகத்தைக் கல்லாப்பெட்டிமேல் ஓங்கி வைத்தேன். முன்னுரை படித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் படித்தார்.

பாய் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். ஒரு வால்வை அடித்தார். நான் கிளம்புவதுபோல் செருப்பில் காலை விட்டேன். இன்னொரு வால்வும் போனது.

"கால் வீக்கம் வேணாம்னு சொல்லுங்க," என்றார் மாசிலாமணி. "நின்னு தேய்க்கிற வேலை."

கால் வீக்கம் போனது. மூச்சிரைப்புக்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது. எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசிப் பத்தியை நானே அடித்தேன். அத்தியாயத்தில் மிச்சம் இருந்தது நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் கேட்கும் ஒரு சத்தம் மட்டும்.

"அதையாவது விடுப்பா," என்றார் பாய். "அப்புறம் அது புத்தகமே இல்ல."

விட்டேன். பாஸாக எனக்கும் அது வேண்டியிருந்தது.

மறுநாள் ரவுண்ட்ஸில் புரொபசர் பதினேழாம் படுக்கையில் ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடினார். ஐந்து நிமிடம் ஸ்டெத்தை எடுக்கவே இல்லை.

"நல்ல கேஸ்," என்றார்.

மாசிலாமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லதுன்னுட்டாரு டாக்டரு. சட்டைய மாத்திக்கவா?"

வேண்டாம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எங்கள் பேச்சில் நல்ல கேஸ் என்றால் பரீட்சைக்கு வைத்துக்கொள்கிற ஆள். மார்ச் பரீட்சை முடிந்தால் செப்டம்பர் வரும். நல்ல கேஸை யாரும் வீட்டுக்கு அனுப்புவதில்லை. பதினான்கில் இருக்கிற மண்ணீரல்காரருக்கு ரேஷன் கார்டே வார்டு விலாசத்துக்குத்தான் வந்தது. நோயில் இருந்ததை எல்லாம் பேசிக் குறைத்தவன், இந்த ஒரு சொல்லைக் கணக்கில் எடுக்காமல் விட்டிருந்தேன்.

மாசிலாமணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். "புழுன்னா இந்நேரம் வண்டியில நிப்பேன்," என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் இரண்டு சொல்லியிருப்பேன்.

புரொபசர் அறைக்குப் போனேன்.

"உங்களுக்கு வேண்டியது ஆளா சார், சத்தமா?"

கொஞ்சம் யோசித்தார். "சத்தம்தான்."

"அப்ப ஆளை விடுங்க."

"படுக்கை காலியா இருக்கக் கூடாதேய்யா."

"காலியா எங்க சார் இருக்கப்போகுது?"

புரொபசர் டிஸ்சார்ஜ் சீட்டை இழுத்து வைத்தார். கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் மாசிலாமணி சட்டையை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறிப்போனார். சத்தம் படுக்கையிலேயே இருந்தது. சிஸ்டர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு டெம்பரேச்சர் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை பார்வை நேரத்தில் அந்தச் சத்தத்தைப் பார்க்க ஊரிலிருந்து அதன் பெரியப்பாவும் சித்தியும் வந்தார்கள். சாத்துக்குடி வாங்கி வந்திருந்தார்கள். ஸ்டூல் ஒன்றுதான் இருந்தது. பக்கத்துப் படுக்கையிலிருந்து இன்னொன்றை இழுத்துப் போட்டேன். பெரியப்பா குனிந்து கொஞ்ச நேரம் கேட்டார்.

"ரொம்ப எளச்சுப் போச்சே," என்றார் சித்தி.

இங்கே சாப்பாடு சரியில்லை என்று சொன்னேன்.