அது ஓடுகிற அன்றைக்கு

எதிர்வீட்டுக்காரருக்குத் தெருவில் ஸ்பேனர் என்று பெயர். பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற வேலை. போன வருஷம்வரை அந்த வீட்டில் ஆணி அடிப்பதென்றாலும் அவர் மனைவிதான் அடிப்பாள்.

கல்யாணமான புதிதில் இருவரும் சுற்றிய பைக் வாசலில் துருப்பிடித்துக் கிடந்தது. எந்த மெக்கானிக்கும் அதைத் தொடமாட்டேன் என்றதும், எஞ்சினைத் தானே கழற்றிச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அவள் பொறுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டாள். ஒருநாள் குக்கரைத் திறந்தால், உள்ளே டீசலில் பிஸ்டன் ஊறிக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"எப்ப வருவே?" வாசல்வரை வந்து கேட்டார்.

"அது ஓடுற அன்னிக்கு வரேன்."

தெருவுக்கே கேட்டது, தெருவுக்கே அர்த்தமும் புரிந்தது. அவருக்கு மட்டும் அது தேதி குறித்துக் கொடுத்தது மாதிரி ஆகிவிட்டது.

அப்புறம் மனுஷருக்கு மேஜையே கதி. என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே அவர் கூடம். பார்க்காமல் இருக்க வேண்டுமென்றால் நான் சமைக்காமல்தான் இருக்க வேண்டும். புதுப் பிஸ்டன் வந்தது, ரிங் வந்தது. மாட்டும்போது சின்ன கிளிப் எதுவும் தவறி உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று, எஞ்சின் வாயில் துணியைத் திணித்தார். அவள் விட்டுப்போன நீலப்பூ நைட்டியில் கிழித்த துண்டு. வீட்டில் வேறு துணியா இல்லை?

ஞாயிற்றுக்கிழமை எஞ்சின் வண்டியில் ஏறியது. போனில் அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு, சீட்டின்மேல் வைத்தார். நான் வெளியே வந்து செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையிலேயே ஊற்றிய செடிதான்.

"கேளு," என்று உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். திடீரென்று பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம், சும்மா சொல்லக் கூடாது. அந்த முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. அது அடங்குவதற்குள் உள்ளே 'கடக்' என்று ஏதோ இறுகி, வண்டி நின்றது. மறுபடி மிதித்தார். கிக்கர் இறங்கவேயில்லை.

"நின்னுடுச்சா?" போனில் அவள்.

"இல்ல, நான்தான் நிறுத்தினேன். நீ பேசறது கேக்கணும்ல."

"சரி, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

கிக்கர்மேல் காலை வைத்தபடியே நின்றார்.

"என்னங்க?"

"பெட்ரோல் தீந்துடுச்சு."

அவள் திட்டவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது. "இங்க ஒரு வேலைல சேந்துட்டேன். அண்ணன் பக்கத்துத் தெருவுல ரூம் பாத்திருக்கு. என் மீதித் துணிய யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

சாயங்காலம் எஞ்சின் மறுபடி மேஜைக்கு வந்தது. திணித்த துணியை எடுக்க மறந்திருக்கிறார். உள்ளே சுற்றி முறுக்கிக் கிடந்த நீலப்பூவை இழுத்து இழுத்து எடுத்தார். வாசல் குழாயடியில் உட்கார்ந்து சோப்புப் போட்டார்.

என்னைப் பார்த்ததும், "அக்கா, இந்த எண்ணெய்க் கறை எதுல போகும்?" என்றார்.

"அது போகாது தம்பி."

சரி என்று தலையாட்டிவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.