ஜான்ராஜின் ரப்பர் செருப்பு

எனக்கு முன்கோபம் என்று ஊரே சொல்லும். பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொன்னதில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

1972இல் அருப்புக்கோட்டையில் மெல்லிசைக் குழு வைத்திருந்தேன். தபேலா நான், எலெக்ட்ரிக் கிதார் ஜான்ராஜ். உடைந்த சீப்பில் அறுத்தெடுத்த துண்டால்தான் கம்பியைத் தட்டி வாசிப்பான். கம்பிகள் முடியும் இரும்புத் தகட்டின்மேல் வலது உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு தட்டினால், சத்தம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். அழுகையை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். நாலு ஸ்வரம் அப்படி அடக்குவான். ஐந்தாவதில் கையைத் தூக்குவான். கிதார் வாய்விட்டு அழும். தபேலாவை விட்டுவிட்டு நானே வாய் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆம்ப்ளிஃபயர் பழைய ரேடியோவைப் பிரித்துச் செய்தது. அதிலிருந்து கிதார் கம்பிக்குக் கரண்ட் கசியும். அதனால் ரப்பர் செருப்பு இல்லாமல் ஜான்ராஜ் கிதாரைத் தொடமாட்டான். புது ஆம்ப்ளிஃபயர் வாங்குகிறேன் என்று மூன்று வருடமாக நானும் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன்.

பங்குனிப் பொங்கலுக்குப் பரளச்சிக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் சாயங்காலக் கச்சேரி. மேடை கிடையாது. அம்மன் கோவிலுக்கு எதிரே, புழுதி அடங்கட்டும் என்று தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். ஜான்ராஜ் செருப்போடு வந்து நின்றான். அவன் கிறிஸ்தவன். வேதக்காரன் சாமிக்கு முன்னால் செருப்போடு நின்றான் என்று பேச்சு வந்தால், அப்புறம் எந்த ஊர் எங்களைக் கூப்பிடும்?

"ஏலே, செருப்பக் கழத்து."

"தரை ஈரமா கெடக்கு அண்ணாச்சி. கரண்டு அடிக்கும்."

விழாவை நடத்திய வெள்ளத்துரை பக்கத்தில்தான் நின்றார். "இருக்கட்டும்யா. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். பாழாய்ப்போன என் வாய் விடவில்லை. "எங்க பயலுக்கு மரியாத தெரியும்" என்று சொல்லி அவனை முறைத்தேன். கழற்றிவிட்டான்.

முதல் பாட்டில் உள்ளங்கை இரும்பில் படாமல் பயந்து பயந்து வாசித்தான். சுள்ளென்று அடிப்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. கிதாரில் உயிரே இல்லை, கூட்டம் சலசலத்தது. "கைய வச்சு வாசிலே" என்று அதட்டினேன்.

வைத்தான். ஒரே ஒரு ஸ்வரம் வந்து அப்படியே நின்றது. அடக்கி வாசிக்கிறான் என்று கூட்டம் விசிலடித்தது. நானும் அவன் கையைத் தூக்குவான் என்று தாளத்தை விடாமல் காத்திருந்தேன். அவன் முகங்குப்புற விழுந்த பிறகுதான் யாரோ ஒயரைப் பிடுங்கினார்கள்.

மறுநாள் அவன் மனைவி ஜெயசெல்வி கேட்டாள்: "அவுக செருப்பக் கழத்தவே மாட்டாகளே அண்ணாச்சி. யாரு கழத்தச் சொன்னது?"

"ஊர்க்காரவுகதாம்மா. கோவில்னு ஒத்தக் கால்ல நின்னாக" என்றேன்.

கல்லறைத் தோட்டத்தில் குழியை மூடும்போது வெள்ளத்துரை மாலையோடு வந்தார். ஜெயசெல்வி அதைப் பிடுங்கி அவர் மேலேயே எறிந்தாள். "செருப்பக் கழத்தச் சொல்லிக் கொன்னுட்டு மாலை வேறயா?"

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். என் முகத்தைக் கண்டதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சொல்லிவிடுவார் என்று ஓர் எட்டு பின்வாங்கினேன். அவரோ அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்புத்தாம்மா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

நான் அவரைப் போகவிட்டேன்.